வழுக்கும் பலகைக்கு ஒரு பிடி கல்லுப்பு

பைபர் கிளாஸ் வேலை பழகியிருக்கும் இளைஞர்கள் சிலர், பெரிய முதல் இல்லாமல் தொடங்கக்கூடிய ஒரு வேலையைச் சொல்லித்தரும்படி கேட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி வார்ப்பதும் போட் கட்டுவதும் அச்சு, கொட்டில், ஆட்கள் என்று பணத்தை விழுங்குபவை. அவற்றைப் பிறகு பார்க்கலாம். இந்த வாரம் ஒரு மூலையில் வைத்துச் செய்யக்கூடிய சிறிய வேலையொன்றை எழுதுகிறேன். தேய்ந்து வழுக்கத் தொடங்கிய பலகையில், மீண்டும் ஈரக்கால் நிற்கும்படி சொரசொரப்பான மேற்பரப்பை உண்டாக்குவதுதான் அது.

சென்ற சோளகக் காலத்தில் தொண்டைமானாற்றிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் கடற்றொழில் செய்பவர். அவருடைய மருமகன் நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். சில வருடங்களுக்கு முன் அவர் கொண்டுவந்து வைத்த விண்ட்சேர்பிங் பலகை ஒன்று வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கிறதாம். அணைக்கட்டுக்கு உட்பக்கம் ஏரித் தண்ணீரில் பாய் கட்டி ஓடப் பார்த்தால், ஏறி நின்றதும் வழுக்கி விழுகிறாராம். இரண்டு முழங்கால்களிலும் தோல் போய்விட்டது.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பலகையின் நடுவே எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு பாய்மரத்தைப் பொருத்தி, அதைக் கையால் பிடித்துக்கொண்டு காற்றில் ஓடுவதே விண்ட்சேர்பிங். அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர் 1960களின் நடுப்பகுதியிலேயே இப்படியொன்றைச் செய்திருந்தார். ஜிம் டிரேக், ஹொய்ல் ஸ்வைட்சர் இருவரும் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே வந்துவிட்டது. ஓடுபவர் முழுப் பாரத்தையும் பின்னுக்குச் சாய்த்துப் பாயை இழுக்கிறார். அவரையும் பலகையையும் இணைப்பது இரண்டு உள்ளங்கால்கள் மட்டுமே. கால் சறுக்கினால் பாய்மரம் தலையில் விழும்.

தொண்டைமானாற்றுக்குப் போவதற்கு முன் என் பழைய தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் விட அதுதான் உங்களுக்குப் பயன்படும்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே பைபர் போட் பழுதுபார்க்கும் வேலையைப் பழகினேன். 2009க்குப் பிறகு கற்பிட்டிப் பக்கம் காற்று விளையாட்டுகளுக்கு வெளிநாட்டவர் வரத்து கூடியது. அவர்களுடைய பலகைகளும் உடைந்தன, தேய்ந்தன. போட்டைத் திருத்தத் தெரிந்தவனுக்குப் பலகை என்ன பெரிய விஷயம் என்று நினைத்து ஒருவரின் பலகையை வாங்கிக்கொண்டேன். மேலே ஒரு வெடிப்பு இருந்தது. வழக்கம்போல் பொலியஸ்டர் ரெசினில் கட்டலிஸ்ட் கலந்து ஊற்றினேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஊற்றிய ரெசினைக் காணவில்லை. வெடிப்பு இருந்த இடத்தில் என் கை நுழையுமளவு பள்ளம். பலகையின் உட்புறம் ரெஜிபோம். பொலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் ரெஜிபோமைக் கரைத்துவிடும். போட்டில் அது கிடையாது, ஆகவே எனக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வாங்கிய அமானிதப் பொருள். மச்சானிடம் கடன் வாங்கிப் பலகையின் விலையைக் கொடுத்தேன். அந்தக் கடனைத் தீர்க்க எட்டு மாதம் சென்றது.

அதன் பிறகு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. எந்தப் பலகை வந்தாலும் முதலில் அது எதனால் செய்யப்பட்டது என்று பார்ப்பேன். இக்காலத்துப் பலகைகளில் பெரும்பாலானவை ரெஜிபோம் உள்ளீட்டின் மேல் எபொக்சியும் கண்ணாடி இழையும் போர்த்தவை. இவற்றுக்கு எபொக்சி மட்டுமே. 1970, 80களின் பழைய பலகைகள் சிலவற்றின் ஓடு பொலித்தீன் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் வாளியைத் தொடுவது போல மெழுகுத்தன்மையாக இருக்கும், நகத்தால் கீறினால் கீறல் விழும். அதில் எந்தப் பெயின்டும் எந்த ரெசினும் நிலைத்து ஒட்டாது. அப்படியொன்று வந்தால் கூலி எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் நான் எடுப்பதில்லை.

தொண்டைமானாற்றுப் பலகை எபொக்சிதான். வாசலில் வைத்து நல்ல தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் கழுவினேன். கால் வைக்கும் இடங்களில் சொரசொரப்பு முற்றாகப் போய்க் கண்ணாடி போல் மின்னியது. பிறகு பத்து ரூபாய்க் குற்றியால் மேற்பரப்பு முழுவதையும் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கூர்மையாகக் கேட்கும். பின்பக்கக் கால் வார் அருகே, உள்ளங்கை அகல இடத்தில் சத்தம் மந்தமாக இருந்தது. பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போய் மேலே வந்தது. மேல் ஓடு உள்ளீட்டை விட்டுக் கழன்றிருக்கிறது.

இந்த இடத்தில்தான் தொழில் செய்பவனுக்குச் சோதனை. வீட்டுக்காரருக்கு அது தெரியாது. மேலே சொரசொரப்புப் பூசிக் கொடுத்தால் இன்றைக்குக் காசு. மருமகனும் மூன்று கிழமையில் நோர்வே போய்விடுவார்.

"தம்பி, பெயின்ற் அடிச்சுவிட்டாக் காணாதோ?" என்று அவரும் கேட்டார்.

"அண்ணை, கால் மிதிக்கிற இடம் உள்ளுக்கு விட்டுப்போய்க் கிடக்கு. மேலால பூசினா அந்த இடம் மிதிக்க மிதிக்க வெடிக்கும். பிறகு தண்ணி உள்ளுக்குப் போகும். முதல்ல அதைச் செய்யவேணும். காசும் கூட, நாளும் கூட."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ. மருமகன் வந்து தானும் அழுத்திப் பார்த்த பிறகு, "செய்யுங்கோ" என்றார். வேலை போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கழன்ற இடத்தின் இரு ஓரங்களிலும் சிறு துளைகள் இட்டேன். ஈரம் கசிந்தால் நிழலில் வைத்து நாட்கணக்கில் உலரவிட வேண்டும். நல்லவேளை, இதில் ஈரமில்லை. ஊசிக் குழலால் ஒரு துளை வழியே எபொக்சி செலுத்த, மற்றத் துளை வழியே வெளியே எட்டிப்பார்த்தது. மேலே பொலித்தீன் தாள் விரித்து மணல் மூட்டை வைத்து ஒரு நாள் விட்டேன். இப்படிக் கழல்வதற்குப் பெரிய காரணம் வெயில். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து ஓட்டைத் தள்ளுகிறது. பல பலகைகளில் இதற்கென்றே ஒரு காற்றுத் திருகாணி இருக்கும். கரையில் வைத்திருக்கும்போது அதைத் திறந்தும் தண்ணீரில் இறக்குமுன் மூடியும் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் பலகையை வெட்டவெளியில் போட்டுவைப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

இனிச் சொரசொரப்பு வேலை. கால் வார்களைக் கழற்றித் திருகாணித் துளைகளைச் சிறுவர்கள் விளையாடும் களியால் அடைத்துவிடுங்கள். பூச வேண்டிய பகுதியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டும்போது மூலைகளை வளைவாக எடுங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும். 120ஆம் இலக்க சாண்ட் பேப்பரால், தண்ணீர் தொட்டு, மினுக்கம் போகும்வரை மட்டும் தேயுங்கள். கண்ணாடி இழையின் நெசவு தெரிந்தால் அதிகம் தேய்த்துவிட்டீர்கள் என்று பொருள், உடனே நிறுத்துங்கள். உலர்ந்தபின் அற்ககோலால் துடைக்க வேண்டும். போட் வேலைக்காரர் கை தானாகவே அசிட்டோன் போத்தலைத் தேடும். எங்காவது ஒரு சிறு ஓட்டை இருந்தால் அசிட்டோனும் ரெஜிபோமைக் கரைக்கும். துடைத்த இடத்தில் வெறுங்கை படக்கூடாது.

எபொக்சியும் ஹாட்னரும் கலக்கும் விகிதம் டின்னில் எழுதியிருக்கும். அது நிறைக்கா, அளவுக்கா என்று கவனியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. பொலியஸ்டரில் கட்டலிஸ்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றிப் பழகியவர்கள் இங்கும் அதையே செய்கிறார்கள். எபொக்சியில் ஹாட்னர் கூடினால் வேகமாக இறுகாது, அரைகுறையாக நின்று பிசுபிசுக்கும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அரைச் சதுர மீற்றர் பரப்புக்கு 110 முதல் 120 கிராம் கலவை போதும். இரண்டு நிமிடம் பாத்திரத்தின் ஓரமும் அடியும் வழித்துக் கலக்குங்கள். கலந்ததைக் கோப்பையிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் நேரம் கிடைக்கும். எங்கள் பகலின் 32, 33 பாகைச் சூட்டில் டின்னில் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். நான் காலை ஆறரைக்கே தொடங்குவேன்.

மெல்லிய உருளையால் ஒரே சீராகப் பூசியதும் அதன்மேல் தூவ வேண்டியது எது? மணல் தூவலாம். ஆனால் வெறுங்காலும் முழங்காலும் படும் பலகையில் மணல் சாண்ட் பேப்பராகவே மாறித் தோலை உரிக்கும். இதற்கென விற்கும் பிளாஸ்டிக், கண்ணாடிக் குறுமணிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். நான் பாவிப்பது கல்லுப்பு. இது என் கண்டுபிடிப்பல்ல, உலகெங்கும் பலகை திருத்துபவர்கள் உப்போ சீனியோ தூவும் முறை இது. உப்பு ரெசினில் கரையாது, தண்ணீரில் கரையும். ரெசின் இறுகியபின் கழுவினால் உப்பு போய்விடும். அது இருந்த இடத்தில் சிறு குழிகளும் விளிம்புகளும் நிற்கும். அந்த விளிம்புகளில்தான் கால் பிடிக்கிறது.

(சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக இந்த ஆற்றை வெட்டுவித்தான், அதனால் இந்தப் பெயர் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. நான் புத்தளத்து உப்பைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்து அண்ணை சிரித்தார்.)

கல்லுப்பை இடித்து, தேயிலை வடியில் சலித்துத் தூளை நீக்குங்கள். வடியில் தங்குவதில் பெரிய கற்களையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ரவையை விடச் சற்றுப் பெரிதாக இருப்பது நல்ல அளவு. அதைச் சட்டியில் வறுத்து ஆறவைக்க வேண்டும், ஈர உப்பு எபொக்சியைக் கெடுக்கும். பூசிய இடத்தின் மேல் இரண்டடி உயரத்திலிருந்து, பலகை வெள்ளையாகத் தெரியும்வரை தாராளமாகத் தூவுங்கள். ஒட்டாதது கடைசியில் உதிர்ந்துவிடும். பூச்சு தடித்திருந்தால் உப்பு அடியில் மூழ்கிவிடும். மூழ்கிய உப்பைத் தண்ணீர் எட்டாது, அது உள்ளேயே கிடந்து பின்னாளில் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக்கும். ஒவ்வொரு மணியும் பாதி வெளியே நிற்க வேண்டும். முதல் தடவை செய்பவர்கள் ஒரு துண்டுத் தகட்டில் செய்து பழகிவிட்டுப் பலகையில் கை வையுங்கள்.

ரெசின் ரப்பர் போல் ஆன பதத்தில் டேப்பைச் சரிவாக இழுத்து உரியுங்கள். மறுநாள் வரை விட்டால் அது வராது, வந்தாலும் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். முழுதாக ஒரு நாள் கழித்து இளஞ்சூட்டுத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு உப்புச் சுவை இல்லாமல் போகும்வரை கழுவுங்கள். இறுகிய எபொக்சியின் மேல் சில வேளை மெழுகு போன்ற படலம் வரும், அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. அதுவும் இதே தண்ணீரில் போய்விடும் என்பது இந்த முறையில் கிடைக்கும் இலவச லாபம். குழிகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் 220ஆம் இலக்கத் தாளால் ஒரு தடவு.

இத்துடன் விட்டுவிடக்கூடாது. எபொக்சி வெயிலில் மஞ்சளித்துப் பொடியாகும். கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் இரண்டு கலவைப் பொலியுரிதேன் பெயின்டை உருளையால் மெல்லியதாக ஒரு தரம் பூசுங்கள். குழி நிரம்பிவிடாமல் கவனம். அதை ஸ்பிரே செய்யாதீர்கள், அந்தப் புகார் நுரையீரலுக்கு ஆபத்து, சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. எபொக்சி வேலையிலும் கையுறை எப்போதும் வேண்டும். தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், அதன்பின் டின்னைத் திறந்தாலே உடம்பு தடிக்கும். அப்படித் தொழிலை விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பூசி முடிந்த பலகையை ஒரு கிழமை நிழலில் வைத்த பிறகே தண்ணீரில் இறக்கச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. எபொக்சி, பெயின்ட், டேப், தாள், கையுறை எல்லாமாக நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் முடிந்தது. 2022இல் டொலர் ஏறியதிலிருந்து ரெசின் விலை முன்பு போல் இல்லை. வேலை நேரம் ஆறு மணித்தியாலம் வரும், ஆனால் அது நான்கு நாட்களில் சிதறிக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நான்கு தடவை மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன். ஒன்பதாயிரம் வாங்கினேன். பெற்றோலைக் கழித்தால் ஒரு மேசன் கையாளின் இரண்டு நாள் சம்பளம் கூட மிஞ்சவில்லை. தவறு என்னுடையது. இறுகுவதற்கு விடும் நேரம் நமக்கு வேலையில்லாத நேரம், அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொரு வேலை இருந்தால்தான் இந்தத் தொழில் கட்டும். ஒன்று, பலகையை உங்கள் இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அல்லது ஒரே ஊரில் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

அந்த இரண்டாவது வேலை எனக்கு அங்கேயே கிடைத்தது. மூன்றாம் நாள் நான் டேப் உரித்துக்கொண்டிருந்தபோது அண்ணை குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "இதைப் போட்டுக்கும் போடலாமோ?" என்றார். வைகாசியில் அவருடன் கடலுக்குப் போகும் பொடியன் போட்டுக்குள் வழுக்கி எஞ்சினில் மோதி இரண்டு விலா எலும்பு வெடித்துவிட்டதாம். ஆறு கிழமை கடலுக்குப் போகவில்லை. ஆளில்லாமல் அண்ணையும் பாதி நாட்கள் கரையில்தான். காயமும் பட்டினியும் சேர்ந்த அந்தக் கணக்கைக் கேட்ட பிறகு, என் ஒன்பதாயிரத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

வடபகுதிக்குப் பைபர் போட் புதிதல்ல. காரைநகரில் 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் வந்த சீநோர் தளத்தில் பைபர் போட்கள் கட்டப்பட்டன. அதற்கு முன் எல்லாம் மரந்தான். தொண்டைமானாற்றுக்குப் பக்கத்து ஊரான வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற மரக்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை ஓடிப் போயிருக்கிறது. ஈர மரம் காலுக்குப் பிடி கொடுக்கும். பைபரின் மழுமழுப்பில் மீன் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் சவர்க்காரம்தான்.

நான் போட் உள்ளே முழுவதும் பூசுவதாகத் திட்டம் போட்டேன். அண்ணை மறித்தார். "வலை ஏறி இறங்கிற பக்கம் போடாதை தம்பி. கண்ணி எல்லாம் மாட்டிக் கிழிஞ்சு போடும்." எனக்கு அது தோன்றவேயில்லை. பூசியிருந்தால் ஒரு வலையின் விலைக்கு மீண்டும் மச்சான் வீட்டுக்கு நடந்திருப்பேன். அணியத்தில் நங்கூரம் இழுக்க நிற்கும் இடம், எஞ்சினடியில் நிற்கும் இடம், ஏறி இறங்கும் குறுக்குப் பலகை, இந்த மூன்றுக்கும் மட்டும் கரியால் கோடு போட்டுக்கொண்டோம்.

போட்டுக்குப் பொலியஸ்டர் ரெசினே போதும், உள்ளே கரைய ரெஜிபோம் இல்லை. மிதப்புக்காக ரெஜிபோம் அடைத்த அறைகள் சில போட்களில் இருக்கும், அதன் மேற்பகுதியில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண்ணெயும் மெழுகும் போக முதலில் கழுவி, பிறகு 60 அல்லது 80ஆம் இலக்கத் தாளால் முரடாகத் தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் எண்ணெயை உள்ளுக்குத் தேய்த்தவராவீர்கள். கட்டலிஸ்ட் நிறையில் ஒன்று முதல் இரண்டு வீதம். அதன் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்காதீர்கள். ரெசினில் கோபால்ட் சேர்க்க வேண்டியிருந்தால் முதலில் அதை ரெசினில் நன்கு கலந்த பிறகே கட்டலிஸ்ட். இரண்டையும் நேரே ஒன்றுடன் ஒன்று சேர்த்தால் வெடிக்கும்.

இங்கே உப்பு போதாது, மீன்பெட்டி இழுபடும் இடத்தில் அந்த விளிம்புகள் சீக்கிரம் தேயும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உலர்த்திச் சலித்த ஆற்று மணல் எடுத்தேன். கடல் மணல் கைக்கெட்டிய தூரத்தில் குவிந்து கிடக்கிறதே என்று கேட்பீர்கள். அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும், பிடிப்பு நிலைக்காது. மணல் தூவி இறுகியபின் உதிரியைக் கூட்டித் தள்ளிவிட்டு, மேலே மெழுகு கலந்த ரெசினால் மெல்லிய பூச்சு ஒன்று. பொலியஸ்டரின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைத்த பின்புதான் அது முழுதாக இறுகும்.

மருமகன் போவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில் பலகை ஏரியில் இறங்கியது. சில இடங்களில் முழங்காலளவு தண்ணீர், பலகையின் அடிச் செதிள் தட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் கால் நின்றது. அணைக்கட்டுப் பாலத்திலிருந்து நாலைந்து சிறுவர்கள் கூச்சலிட்டார்கள். அண்ணை அதைப் பார்க்க வரவில்லை. அவர் கரையில் தன் போட்டுக்குள் செருப்பில்லாமல் ஏறி நின்று, பொடியனைத் தண்ணீர் அள்ளி ஊற்றச் சொல்லி, அணியத்தில் காலை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் போட்காரர்கள் இருவர் என்ன விலை என்று கேட்டார்கள். இந்தத் தடவை நான்கு பயணத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, இரண்டு போட்டுக்கும் ஒரே கிழமையில் நாள் கொடுத்திருக்கிறேன்.